நெடிய லென்ஸும் நீண்ட பொறுமையும்

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவர் நாவில் நெடுநாள் வழங்கிவரும் பழமொழி. தொழிலிற் குறை நேர்ந்தவிடத்து அக்குறையைக் கருவியின்மேல் ஏற்றிவிடுதல் மாந்தர்க்கு இயல்பு. எழுதுகோல் நன்றாயின் எழுத்தும் நன்றாகுமென்று எண்ணாத மாணவன் இல்லை. மட்டை புதிதாயின் ஆட்டமும் உயருமென்று நம்பாத ஆட்டக்காரனும் இல்லை. கானகத்து உயிர்களைப் படம் பிடிக்க விரும்பும் நம் இளைஞரிடத்தும் இவ்வியல்பே காணப்படுகின்றது. அவர்கள் கூடுமிடத்தில் பறவையைப் பற்றிய பேச்சு ஒரு பங்கும் லென்ஸைப் பற்றிய பேச்சு ஒன்பது பங்குமாக நிகழ்வதை யான் பன்முறை கேட்டிருக்கின்றேன்.

இதனை ஈண்டு எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம் கல்லூரி நிழற்படக் கழகத்திற்குப் பழைய மாணவர் சிலர் மனமுவந்து ஒரு தொகை அளித்துள்ளனர். அத்தொகை முழுவதையுங்கொண்டு 600 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள பெரிய டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றை வாங்கிவிட வேண்டுமென்பது கழகத்து உறுப்பினருட் பலருடைய விருப்பம். பெரிய லென்ஸ் இன்மையாலன்றோ நம் படங்கள் பிற கல்லூரியார் படங்களுக்குப் பின்னிற்கின்றன என்று அவர்கள் ஆற்றாமையோடு கூறுகின்றனர். அவ்விருப்பத்தை யான் இகழ்வேனல்லேன். எனினும் அதனோடு உடன்படவும் என்னால் இயலவில்லை. வனவிலங்குகளைப் படம் எடுப்போனுக்கு நெடிய லென்ஸ் வேண்டுமென்பதில் ஐயமில்லை. அது எதன்பொருட்டு வேண்டும் என்பதே கேள்வி. படமெடுப்போனை விலங்கினிடமிருந்து தக்க தூரத்தில் நிறுத்தி வைப்பதே அதன் முதற்பயன் என்பது என் துணிபு. இத்துணிபு எனக்கு எளிதில் வந்ததன்று. அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன். முதற்கண், வாங்கக் கருதும் பொருளின் இயல்பை அறிந்துகொள்வோம்.

தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸின் குவியத்தூரம் நீண்டிருத்தல் வேண்டும். பழைய அமைப்பின்படி 600 மில்லிமீட்டர் குவியத்தூரம் வேண்டுவோர் ஏறக்குறைய அந்நீளமுள்ள குழாயையே சுமக்கவேண்டியிருந்தது. 1891-ம் ஆண்டில் இலண்டன் நகரத்து டால்மெயர், பெர்லினில் மீத்தே, மியூனிக் நகரத்து ஸ்டைன்ஹைல் ஆகியோர் ஒருவரையொருவர் சாராமல் ஒரே வழியைக் கண்டனர். முன்புறத்தே குவிக்கும் லென்ஸ் தொகுதியும், அதன்பின் விரிக்கும் லென்ஸ் தொகுதியும் அமைப்பின், குழாய் குறுகியும் குவியத்தூரம் நீண்டும் நிற்கும் என்பதே அவ்வழி. டெலிபோட்டோ என்னும் பெயர் இவ்வமைப்பிற்கே உரியது. 35 மில்லிமீட்டர் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை இயல்பான பார்வைக்குரியதாகக் கொள்வது வழக்கம். அதனோடு ஒப்பிட 400 மில்லிமீட்டர் லென்ஸ் எட்டு மடங்கும், 600 மில்லிமீட்டர் லென்ஸ் பன்னிரண்டு மடங்கும் பெரிதாக்கிக் காட்டும். ஆயின் காட்சி பெரிதாகுந்தோறும் பார்வை குறுகும். 600 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை நான்கு பாகைக்குச் சற்று மிகுதியான கோணத்தையே காண்கின்றது. பறக்கும் பறவையை அச்சிறு சாளரத்தினுட் கொணர்தல் பழகாதார்க்கு அரிது.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் உயரமுள்ள கொக்கு ஒன்று 30 மீட்டர் தூரத்தில் நிற்பதாகக் கொள்க. 400 மில்லிமீட்டர் லென்ஸ் அக்கொக்கின் உருவத்தைக் காமிராவினுள்ளே 6 மில்லிமீட்டர் உயரமாக வரைகின்றது. முழு அளவுச் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டராதலின், கொக்கு படத்தில் நாலிலொரு பங்கு உயரம் நிற்கும். அதே இடத்தினின்று 600 மில்லிமீட்டர் லென்ஸால் எடுப்பின் உருவம் 9 மில்லிமீட்டராகும். இப்பொழுது 400 மில்லிமீட்டர் லென்ஸையே கையிற்கொண்டு, கொக்கு 20 மீட்டர் அணிமைக்கு வருமளவும் காத்திருப்போமாக. அப்பொழுதும் உருவம் 9 மில்லிமீட்டரே! பல இலட்ச ரூபாய் கொடுத்துப் பெறுவது யாதோ அதனையே பத்து மீட்டர் தூரம் நமக்கு இலவசமாகத் தருகின்றது. கொக்கு தானே வருமளவும் நாம் அசையாதிருத்தலே அதற்குரிய விலை. நாம் கொக்கை நோக்கிப் பத்து மீட்டர் நடந்தாலோ, கொக்கு பறந்துவிடும், கணக்கும் பறந்துவிடும்.

விலையும் எடையும் கருதத்தக்கவை. 600 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரம் எஃப் 4 என்னும் அளவினதாக வேண்டின், அதன் முன்கண்ணாடி 150 மில்லிமீட்டர் அகலமிருத்தல் வேண்டும். அத்தகைய லென்ஸ் இக்காலத்தில் ஏறத்தாழ 3 கிலோகிராம் எடையும், பத்து இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட விலையும் உடையது. 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீட்டவும் குறுக்கவும் அமைந்த ஜூம் லென்ஸ், நீட்டிய நிலையில் எஃப் 6.3 துவாரமுடையதாய், 2 கிலோகிராம் அளவில், இரண்டு இலட்சத்துக்குட்பட்ட விலையிற் கிடைக்கின்றது. முன்னது பின்னதைவிட இரண்டரை மடங்கு ஒளியை உட்கொள்ளும் என்பது உண்மையே. வைகறையிலும் அந்தியிலும் அடர்ந்த காட்டினுள்ளே படமெடுப்போர்க்கு அவ்வொளி பெரும் பேறு. ஆயின் ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் புதர்க்காட்டிலும் பயிலும் மாணவர்க்கு அது இன்றியமையாததன்று. மேலும், இப்பொழுதைய காமிராக்கள் மங்கிய ஒளியிலும் தெளிவாக எடுக்கவல்லன. அதனால் துவாரம் சிறிதாதலின் இழப்பு முன்போல் அத்துணைப் பெரிதன்று.

விலை மலிந்த வழிகள் சிலவற்றையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே பொருத்தும் கன்வர்ட்டர் என்பதொன்று. 1.4 மடங்கினது ஒளியிற் பாதியையும், 2 மடங்கினது முக்காற் பங்கையும் விழுங்கிவிடும். கூர்மையும் சிறிது குறையும். நல்ல லென்ஸோடு சேர்ந்தாலன்றி அதனாற் பயனில்லை. மற்றொன்று சிறிய சென்சாருடைய காமிரா. அதன் சென்சார் முழு அளவினதைவிட ஒன்றரை மடங்கு சிறிதாயின், 400 மில்லிமீட்டர் லென்ஸ் 600 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வையைத் தரும். லென்ஸ் வரையும் உருவம் வளர்வதில்லை; சுற்றியுள்ள பகுதி வெட்டப்படுகின்றது, அவ்வளவே. எனினும் கைப்பொருள் குறைந்த மாணவனுக்கு இது நல்ல துணையென்பதில் ஐயமில்லை.

வாங்கிய லென்ஸைக் கையாளும் முறை வாங்குவதினும் அரிது. நெடிய லென்ஸ் உருவத்தைப் பெரிதாக்குவது போலவே கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். 1995-ம் ஆண்டில் கேனான் நிறுவனத்தார் கைநடுக்கத்தைத் தானே திருத்தும் அமைப்பை மாற்று லென்ஸில் முதன்முதற் புகுத்தினர்; இன்று அது பெரும்பாலானவற்றில் உண்டு. ஆயின் அவ்வமைப்பு நம் கை அசைவைத் திருத்துமேயன்றிப் பறவையின் அசைவைத் திருத்தாது. சிறகடிக்கும் பறவைக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தறுநூற்றிலொரு பங்கோ அதனினும் விரைவோ ஷட்டர் இயங்க வேண்டும். இடக்கையை லென்ஸின் அடியிற் கொடுத்து, முழங்கைகளை விலாவோடு ஒடுக்கி, மூச்சை அடக்கிப் பொத்தானை மெல்ல அழுத்துதல் வேண்டும். மணலோ பயறோ நிறைத்த சிறு பை ஒன்றைச் சுவர்மீதோ வண்டிச் சன்னலிலோ வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால், விலையுயர்ந்த முக்காலி செய்யும் வேலையைப் பெரும்பாலும் அது செய்துவிடும். வண்டியின் எஞ்சினை நிறுத்த மட்டும் மறத்தலாகாது. 600 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 4-ல் வைத்து 20 மீட்டர் தூரத்துப் பறவையை எடுப்பின், தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணுக்குச் சற்று மிகுதியே. ஆதலின் கண்ணையே குறியாகக் கொள்க. அலகு மங்கினும் பொறுக்கலாம், கண் மங்கிய படம் உயிரற்ற படம்.

எந்த லென்ஸும் வெல்லவியலாத பகை ஒன்றுண்டு. அது கானல். வெயில் ஏறியபின் நிலத்தினின்று எழும் வெப்பம் இடையிலுள்ள காற்றை நெளியச் செய்கின்றது. தொலைவிலுள்ள உருவம் நீரில் விழுந்த நிழல்போற் குழைகின்றது. பத்து இலட்ச ரூபாய் லென்ஸ் அக்குழைவைப் பெரிதாகக் காட்டுமேயன்றித் தெளிவிக்காது. காலை ஒன்பது மணிக்குமேல் வறண்ட ஏரியின் நடுவிலுள்ள பறவையை நோக்கி நூறு படம் எடுத்து, நூறும் மங்கலாயின என்று லென்ஸைப் பழித்த இளைஞரை யான் அறிவேன். விடியுமுன் எழுந்திருந்தால் அவர் பத்துப் படத்தில் நிறைவெய்தியிருப்பார்.

இனி, மேலே கூறிய வரலாற்றுக்கு வருவேன். யான் இக்கல்லூரியில் மாணவனாயிருந்த காலத்தில், நண்பனொருவனிடம் 300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை இரவல் பெற்றுச் சித்திரை விடுமுறையில் ஊருக்குச் சென்றேன். வறண்டு கிடந்த எங்களூர் ஏரியின் நடுவே ஆள்காட்டிக் குருவி ஒன்று வெறுந்தரையில் முட்டையிட்டிருப்பதைக் கண்டேன். மண்ணின் நிறத்தோடு ஒத்த நான்கு முட்டைகள். சுற்றிலும் சில சிறு கற்கள். கூடென்று சொல்லத்தக்கது வேறொன்றுமில்லை. லென்ஸ் போதாமையால் பன்னிரண்டு அடி தூரத்தில் அமர்ந்தேன். குருவிகளிரண்டும் தலைக்குமேற் சுழன்று கதறின. பின் தரையிலிறங்கி அங்குமிங்கும் ஓடின. அவை தாமே பழகிவிடும் என்றெண்ணி ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தேன். அத்துணை நேரமும் முட்டைகள் வெயிலிற் கிடந்தன. கோடை வெயிலில் ஆள்காட்டிக் குருவி முட்டைமேல் அமர்வது சூடு கொடுப்பதற்கு மட்டுமன்று, நிழல் கொடுப்பதற்குமாம். தன் வயிற்றிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் வழக்கமும் அதற்குண்டு என்பதை யான் பின்னரே கற்றேன். மறுநாட் காலை சென்றபோது முட்டைகள் இல்லை. ஓட்டுச் சிதறல்களும் அருகே இரண்டு காகங்களுமே இருந்தன. கதறலைக் கேட்டு வந்தனவோ, என் காலடியைத் தொடர்ந்து வந்தனவோ, யானறியேன்.

படம் மிக நன்றாக அமைந்தது. கல்லூரிக் கண்காட்சியிற் பலரும் அதனைப் புகழ்ந்தனர். விலங்கியல் ஆசிரியரொருவர் மட்டும் அதன்முன் நெடுநேரம் நின்று, "இக்குருவி ஏன் அலகைத் திறந்துகொண்டு நிற்கிறது, தம்பி?" என்று கேட்டார். யான் மறுமொழி கூறவில்லை. அவரும் மீண்டும் கேட்கவில்லை. அப்படத்தை அன்றைக்குப்பின் யான் ஒருவர்க்கும் காட்டியதில்லை.

இதனைக் கேட்கும் மாணவர், "அங்ஙனமாயின் எங்கள் வழக்கே வென்றது, அன்று உம்மிடம் 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்திருப்பின் அத்துணை அணிமையில் அமர்ந்திருக்க மாட்டீரன்றோ?" என்று கூறலாம். நேர்மையான வினாவே. யானும் பலகாலம் அவ்வாறே எண்ணி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆயின் பின்னாளில் நெடிய லென்ஸுடையார் பலரோடு பழகியபின் அத்தேற்றம் நிலைக்கவில்லை. குறுகிய லென்ஸுடையான் பறவை முழுதும் வேண்டி அருகே செல்கின்றான். நெடிய லென்ஸுடையான் அதன் கண்ணிமை வேண்டி அருகே செல்கின்றான். ஆசைக்குக் குவியத்தூரத்தால் எல்லை கட்டவியலாது. எல்லையை விலங்கினிடமே கேட்டறிதல் வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான் தலை நிமிர்த்து முன்காலால் தரையை உதைக்குமாயின் நாம் எல்லை கடந்தோம். யானை காதுகளை விரித்து நம்மை நோக்கி நிலையாக நிற்குமாயின் வெகுவாகக் கடந்தோம். இரை பொறுக்கிய பறவை பொறுக்குதலை நிறுத்துமாயின் அப்பொழுதே ஓரடி பின்வைக்க வேண்டும். நம் வரவால் விலங்கின் செயல் மாறியபின் எடுக்கும் படம் அவ்விலங்கின் வாழ்க்கையைக் காட்டாது. நம் வரவையே காட்டும். எனது ஆள்காட்டிக் குருவிப் படம் அத்தகையதே.

இவ்வெல்லையைப் படிப்பறியா மக்களும் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் மழைக்காலத்திற்குப்பின் நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன், கூழைக்கடா முதலியன நீரினுள் நிற்கும் மரங்களிற் கூடமைக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலை உணர்ந்த ஊரார், பறவைகளைச் சுடுவாரைத் தடுக்கவேண்டிச் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் 1798-ம் ஆண்டிலேயே ஆணை பெற்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. ஓரூர்ச் சிறுவரனைவரும் தம் பண்டிகை மகிழ்ச்சியை விட்டுக்கொடுக்கும்போது, கற்றறிந்த நாம் பத்தடியை விட்டுக்கொடுத்தல் பெரிதோ? வேடந்தாங்கலில் ஏரிக்கரையினின்றே காணவேண்டும். நீரைக் கடந்து செல்லுதல் இல்லை. அத்தகைய இடத்தில் நெடிய லென்ஸ் தன் உண்மையான தொழிலைச் செய்கின்றது. அதுவும் எட்டாத கூட்டைப் படமெடாது கண்ணாற் கண்டு திரும்புதலே தகுதி.

கருவியின் பெருமையின்றிப் புகழெய்தியோர் இத்துறையில் இல்லாமலில்லை. ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் என்பவர் புலிகளை எடுத்த படங்களைக்கொண்ட நூல் 1927-ம் ஆண்டில் வெளிவந்தது. அப்படங்கள் பல நெடிய லென்ஸால் எடுக்கப்பட்டனவல்ல. புலி நடக்கும் வழியை ஆராய்ந்தறிந்து, அங்கே கம்பியும் காமிராவும் விளக்கும் அமைத்து அவர் அகன்றுவிடுவார். இரவில் புலி தன் காலால் கம்பியை இடறித் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும். லென்ஸின் நீளம் செய்யாததைப் புலியைப்பற்றிய அறிவு செய்தது. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல காமிராக்களின் உறுப்புக்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் யானை முதலிய விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிற் படம் பிடித்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் தம் இறுதிக்காலம்வரை இயற்கையைப்பற்றி இடைவிடாது எழுதிவந்தவர் அவர். பார்ப்பதும் குறிப்பதும் முதலாகவும் படமெடுப்பது அதன்பின்னாகவும் அவர் வாழ்க்கை அமைந்திருந்தது. இவ்வரிசையை மாற்றினால் கருவி வளரும், கலை வளராது.

ஆகவே கழகத்தார்க்கு என் விண்ணப்பம் இது. அளிக்கப்பெற்ற தொகையில் ஒரே பெரிய லென்ஸை வாங்காதொழிக. அது பூட்டிய அலமாரியில் இருக்கும். ஆண்டில் மூவரோ நால்வரோ அதனைத் தொடுவர். ஏனையோர் அதனைப் பார்த்துப் பெருமூச்செறிவர். அதற்கு மாறாக, 600 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம் லென்ஸ் இரண்டும், உறுதியான முக்காலி ஒன்றும், நல்ல பைனாகுலர் ஆறும் வாங்குக. பயறுப் பைகளை மாணவரே தைத்துக்கொள்க. எஞ்சிய பொருள் கணிசமாகவே இருக்கும். அதனைப் பயணச் செலவுக்கு ஒதுக்குக. முதலாண்டு மாணவர் ஒரு பருவம் முழுவதும் பைனாகுலரும் குறிப்பேடும் கொண்டு ஒரே ஏரியை நோக்கியபின்னரே லென்ஸைத் தொடலாம் என்று விதி வகுக்க. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டின் படத்தைக் கண்காட்சியிலும் இம்மலரிலும் ஏற்பதில்லை என்றும் தீர்மானிக்க. பொருளுதவிய பழைய மாணவரும் இதனை மறுக்கமாட்டார் என்று நம்புகின்றேன்; அவருள் யானும் ஒருவன்.

இளைய நண்பர்களே! நுமது படங்கள் பிற கல்லூரியார் படங்களினும் சிறக்கவேண்டுமென்பதே என் விருப்பமும். வருமாண்டுக் கண்காட்சியில் நுமது பறவைகள் இரை தேடிக்கொண்டும், இறகு கோதிக்கொண்டும், நும்மை அறியாமல் உறங்கிக்கொண்டும் இருக்கக் காண்பேனாக. அப்படங்களின்முன் எந்த ஆசிரியர் வந்து நின்று எவ்வினா வினவினும், நீவிர் தலைநிமிர்ந்து விடை கூறுவீர்.